கியர்பாக்ஸ் ஆயிலையும் கவனிங்க

ஆக்லாந்தில் நம்ம வீடுகளில் நிற்கும் கார்களில் பல, ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே வந்தவை. சர்வீஸ் புத்தகம் ஜப்பானிய மொழியில் இருக்கும். கியர்பாக்ஸ் ஆயில் எப்போ மாத்தினாங்கன்னு தெரியாது. டபிள்யூஓஎஃப் சோதனை பிரேக், டயர், லைட் எல்லாம் பார்க்கும். இந்த ஆயிலின் வயசைப் பார்க்காது.

'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்ற கேனை நம்பி ஊத்திடாதீங்க. நிஸான் சிவிடி என்றால் மாடலைப் பொறுத்து என்எஸ்-2 அல்லது என்எஸ்-3; டொயோட்டா அக்வாவுக்கு டபிள்யூஎஸ். சிவிடியின் எஃகு பெல்ட் வழுக்காமல் பிடிக்க, சரியான ஆயில் வேணும்.

பழைய ரசீது இல்லையா? கார் வாங்கினதும் மெக்கானிக்கிடம் காட்டி மாத்திடுங்க. கையேடு வேறு சொல்லாவிட்டால், பிறகு சுமார் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. ரெஸ்ட்ரிக்டட் லைசென்ஸ் எடுத்த பிள்ளை நாளைக்கு மோட்டர்வேயில் தனியா ஓட்டப்போறதும் இதே கார்தான்.