பெரிய பாஸ் மீனைத் தண்ணீரிலேயே விடுங்கள்

அரிசோனாவின் பாலைவன ஏரிகளுக்கு லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கப் போகிறவர்களின் கனவு, நான்கு கிலோ எடையில் ஒரு மீன். சமையலுக்குக் கொஞ்சமும் ஆகாதது அந்த மீன்தான். காரணம் பாதரசம்.

இந்த ஏரிகளில் பெரும்பாலானவை ஆற்றையோ ஓடையையோ மறித்து அணை கட்டி உருவாக்கியவை. பழைய சுரங்கக் கழிவிலிருந்தும், காற்றில் வந்து படிவதாலும் பாதரசம் நீரில் சேர்கிறது. ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அங்கிருந்து நுண்ணுயிரிகள், பூச்சிகள், ஷாட் என்னும் சின்ன மீன் என்று படிக்குப்படி செறிவு ஏறி, பாஸ் மீனின் சதைக்கு வந்து சேர்கிறது. நம் ஊர் விராலைப் போல மறைந்திருந்து பாய்ந்து மற்ற மீன்களை விழுங்கும் இனம் இது. வயது ஏற ஏற நஞ்சும் ஏறும். கழுவினாலும் பொரித்தாலும் குழம்பில் கொதிக்கவிட்டாலும் போகாது. தோலையும் கொழுப்பையும் நீக்கியும் பயனில்லை. அது தங்குவது சதையில்.

மெக்சிகோ எல்லையருகே பெனா பிளாங்கா என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. பக்கத்திலிருந்த பழைய சுரங்கத்தின் கழிவால் அங்கே பாதரசம் படிந்துபோனது. 2008இல் ஏரியையே வடித்து, சேற்றை வாரி எடுக்க வேண்டியதாயிற்று. அலாமோ, அரிவாகா ஏரிகளின் பாஸ் மீனுக்கும் எச்சரிக்கை விடப்பட்டதுண்டு.

அதிகம் பாதிக்கப்படுவது கருவிலிருக்கும் குழந்தையும் சின்னஞ்சிறு பிள்ளைகளும். வளரும் மூளையைத்தான் இந்த நஞ்சு தாக்குகிறது. பீனிக்ஸ் பக்கம் மகளுக்கோ மருமகளுக்கோ பிள்ளைப்பேறு என்று இங்கிருந்து போகிற அம்மாக்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும். பிள்ளை பெறப்போகிறவளுக்கு மீன் நல்லது என்பது சரியான பேச்சுதான். எந்த ஏரியில் பிடித்த எந்த மீன் என்பதைக் கேட்டுவிட்டுச் சட்டியில் போடுங்கள்.

எந்த ஏரியில் எந்த மீனை எவ்வளவு உண்ணலாம் என்ற பட்டியலை மாநில அரசு வெளியிடுகிறது. அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை, காசு கிடையாது. பட்டியலில் இல்லாத ஏரி என்றால், வாரத்துக்கு ஒரே வேளை, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 110 கிராம், அந்த வாரம் வேறு மீன் வேண்டாம் என்பது அமெரிக்க அரசின் பொது அறிவுரை. ஏற்கெனவே நிறையச் சாப்பிட்டுவிட்டவர்கள் கலங்க வேண்டாம். உண்பதை நிறுத்தினால் இரத்தத்தில் மெத்தில் பாதரசம் சுமார் 50 நாளில் பாதியாகக் குறையும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணிலும் ஆலோசனை இலவசம்.

ஏரியிலேயே உயிரைப் பறிப்பவை வேறு. கோடையில் பிற்பகல் புயற்காற்று திடீரென்று எழும்பும். அமைதியாகக் கிடந்த மீட் ஏரி அரை மணியில் அலைக்கடலாகிவிடும். படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருந்தாக வேண்டும். 12 வயதானவர்களும் அதற்குக் குறைந்தவர்களும் படகு ஓடும்போது அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது அரிசோனா சட்டம். பெரியவர்களை இந்தச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை என்பது எனக்கு ஒப்பவில்லை. நீச்சல் தெரியும் என்று கழற்றி வைக்காதீர்கள்.

எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது படகின் பின்புறம் யாரும் உட்காரவோ நீந்தவோ கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. 2000 ஆகஸ்டில் பாவல் ஏரியில் ஒரு ஹவுஸ்போட்டின் பின்னால் நீந்திக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் அப்படித்தான் இறந்தார்கள். தலைவலி, குமட்டல் வந்தால் வெயில் என்று விட்டுவிடாமல் உடனே எஞ்சினையும் ஜெனரேட்டரையும் நிறுத்தி நல்ல காற்றுக்கு அழைத்துப் போங்கள். உள்ளொடுங்கிய ஓடைகளில் செல்போன் எடுக்காது. புறப்படும் முன் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று கரையில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

மீன்பிடி உரிமம் அரிசோனாவில் 10 வயதிலிருந்தே வேண்டும், ஊரிலிருந்து வந்த அப்பா ஒரே ஒரு முறை தூண்டில் போட்டுப் பார்த்தாலும்கூட. ஒரு நாள் உரிமமும் கிடைக்கிறது. திரும்பும்போது படகின் அடைப்பைக் கழற்றித் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். 2007இல் மீட் ஏரியில் கண்டுபிடிக்கப்பட்ட குவாகா என்னும் அயல் மட்டி, படகில் தேங்கிய நீரோடு அடுத்த ஏரிக்குப் போய்விடும். வடிக்காமல் சாலையேறினால் அபராதமும் உண்டு.