வர்ணம் பூசிய பொம்மைகளா?

டெலிவிஷன் பெட்டியில் ஏழு வாலிபர்கள் ஆடுகிறார்கள்.

ஒருவன் தலைமுடி ஊதா நிறம். இன்னொருவன் தலைமுடி வெள்ளி நிறம். முகத்தில் பவுடர். கண்ணில் மை. உதட்டில் சாயம். ஏழு பேரும் ஒரே நேரத்தில் காலைத் தூக்குகிறார்கள். ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். ஒரு விரல் கூடத் தப்புவதில்லை.

வீட்டுப் பெண் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பக்கம் வந்த அப்பா ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறார்.

"இவர்கள் ஆணா, பெண்ணா? ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்களே! இதற்குப் பெயர் பாட்டா?" என்று கேட்கிறார்.

மகளுக்குக் கோபம் வருகிறது. எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

சியோலில் ஆகட்டும், லண்டனில் ஆகட்டும், நியூயார்க்கில் ஆகட்டும், எத்தனையோ வீடுகளில் நடக்கும் சண்டை இது!

இந்தப் பாட்டுக்குப் பெயர் 'கே-பாப்'. 'கே' என்றால் கொரியா. 'பாப்' என்றால் பொது ஜனங்கள் விரும்பிக் கேட்கும் பாட்டு. தென் கொரியாவில் பிறந்து, உலகம் முழுவதும் பரவிவிட்டது.

ரசிகர்கள் இதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ரசிகர் அல்லாதவர்களோ முகத்தைச் சுளிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் குற்றச்சாட்டுகள் நான்கு:

ஆண்கள் பெண் வேஷம் போடுகிறார்கள்! கம்பெனி ஆட்டி வைக்கும் பொம்மைகள்! ரசிகர்கள் எல்லாம் பைத்தியங்கள்! இவர்களால் நாட்டுக்கு என்ன பயன்?

இவற்றில் எது உண்மை? எது பொய்?

சொந்த ஊரிலேயே ஏச்சு

வெளிநாட்டார் ஏசுவதற்கு முன்பே கொரியர்கள் ஏசினார்கள்.

கொரிய மொழியில் 'தன்தரா' என்று ஒரு சொல் உண்டு. ஆடிப் பாடிப் பிழைப்பவர்களை இகழ்ந்து சொல்லும் சொல். தமிழில் 'கூத்தாடி' என்று ஏசுவது போல!

1992-ம் ஆண்டு. சியோல் டெலிவிஷனில் ஒரு பாட்டுப் போட்டி. சோ தே-ஜி என்ற வாலிபரும் அவருடைய தோழர்கள் இருவரும் மேடை ஏறினார்கள். பேசுவது போல வேகமாகப் பாடினார்கள். பாடிக்கொண்டே ஆடினார்கள். பாட்டுத் துறையில் பழுத்த பெரியவர்கள் நீதிபதிகளாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு இது பிடிக்கவில்லை. மிகக் குறைந்த மார்க்குப் போட்டார்கள்.

ஆனால் நடந்தது என்ன? சிறுவர் சிறுமியர் அந்தப் பாட்டைத்தான் பாடினார்கள்! நாடு முழுவதும் அதுவே பேச்சாகிவிட்டது. கொரியப் பாட்டின் போக்கே மாறியது. இன்றைய கே-பாப் அந்த மேடையில் பிறந்தது என்று சொல்வோர் பலர்.

மார்க்குப் போட்ட பெரியவர்கள் கெட்டவர்கள் அல்ல. புதிதாக ஒன்று வந்தபோது, பழைய அளவுகோலால் அளந்தார்கள். அவ்வளவுதான்!

முகப்பூச்சு புதிதா?

'ஆண் பிள்ளை மை பூசலாமா?' என்பது முதல் குற்றச்சாட்டு.

சீன அரசாங்கம் இதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொண்டது. பெண் சாயலில் தோன்றும் ஆண்களை டெலிவிஷனில் காட்டக் கூடாது என்று 2021-ம் ஆண்டு செப்டம்பரில் உத்தரவு போட்டது. அந்தச் சாயலைச் சீன வாலிபர்கள் கொரியப் பாட்டுக்காரர்களிடம் கற்றார்கள் என்பது பலருடைய எண்ணம்.

ஆனால் கொரியாவின் பழைய சரித்திரம் என்ன சொல்கிறது?

'சம்குக் சாகி' என்பது 1145-ல் எழுதி முடிக்கப்பட்ட கொரிய சரித்திர நூல். பழங்காலத்தில் சில்லா என்ற ராஜ்யம் இருந்தது. அங்கே அழகான இளைஞர்களைப் பொறுக்கி எடுத்து, ஒப்பனை செய்து, 'ஹ்வாராங்' என்ற பெயரில் ஒரு கூட்டமாகச் சேர்த்தார்கள் என்று அந்நூல் கூறுகிறது. ஹ்வாராங் என்றால் 'மலர் போன்ற இளைஞர்கள்' என்று பொருள். அந்தக் கூட்டத்திலிருந்துதான் பெரிய போர்வீரர்களும் தளபதிகளும் வந்தார்கள்!

முகத்தில் பூச்சு இருந்தது. கையில் வாளும் இருந்தது.

பொம்மலாட்டம்

இரண்டாவது குற்றச்சாட்டு, 'கம்பெனி ஆட்டி வைக்கும் பொம்மைகள்' என்பது. இதைத் தள்ளிவிட முடியாது. இதில் உண்மை இருக்கிறது.

கொரியாவில் பாட்டுக் கம்பெனிகள் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தேர்ந்தெடுக்கின்றன. பாட்டு, நடனம், அந்நிய மொழி எல்லாம் கற்றுக் கொடுக்கின்றன. வருஷக்கணக்கில் பயிற்சி நடக்கும். பிறகு சிலரைப் பொறுக்கி ஒரு குழுவாக்கி மேடை ஏற்றுகிறார்கள்.

'ட்வைஸ்' என்பது 9 பெண்கள் கொண்ட குழு. அதன் தலைவி ஜிஹ்யோ, கம்பெனியில் சேர்ந்தபோது வயது 8. மேடை ஏறியது 2015-ல். நடுவில் 10 ஆண்டுகள் பயிற்சி!

ஜிஹ்யோ கரை சேர்ந்தார். சேராதவர்கள் கதி? பள்ளிப் பருவம் பயிற்சிக் கூடத்திலேயே போய்விடுகிறது. ஒரு நாள், 'நீ வேண்டாம்' என்று சொன்னால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மேடை ஏறியவர்களுக்கும் கஷ்டம் உண்டு. பயிற்சிக்கு ஆன செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் கம்பெனிகள் உண்டு. உடம்பு இளைக்கப் பட்டினி கிடந்ததாகச் சொன்ன பாடகிகள் பலர்.

2009-ம் ஆண்டு ஜூலையில் புகழ் பெற்ற ஐவர் குழு ஒன்றைச் சேர்ந்த மூன்று பேர் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்களைக் கம்பெனி 13 ஆண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கட்டியிருந்தது! 'இது அடிமைச் சாசனம்' என்று பத்திரிகைகள் எழுதின. ரசிகர்களும் கொதித்தெழுந்தார்கள். மூவரும் தனியாகத் தொழில் செய்வதைக் கம்பெனி தடுக்கக் கூடாது என்று அக்டோபரில் கோர்ட்டு உத்தரவிட்டது.

அதே ஆண்டில் கொரிய அரசாங்கத்தின் நியாய வர்த்தகக் கமிஷன் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது. பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளைக் கட்டிப்போட்ட அநியாயமான நிபந்தனைகளையும் 2017-ல் திருத்த வைத்தது.

ஆகவே, 'பொம்மை' என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்று. அவர்கள் பொம்மையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பார்க்கவில்லை!

பூமாலைக்குப் பதில் அரிசி

மூன்றாவது குற்றச்சாட்டு: 'ரசிகர்கள் பைத்தியங்கள்.'

கத்துகிறார்கள், அழுகிறார்கள், விமான நிலையத்தில் முண்டியடிக்கிறார்கள். பாட்டுக்காரர் போகும் இடமெல்லாம் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவர்களும் உண்டு. உண்மைதான். இப்படிப்பட்டவர்களைக் கண்டிப்பதில் நல்ல ரசிகர்களே முன்னால் நிற்கிறார்கள்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டாமா?

கொரியாவில் கச்சேரி நடந்தால் அரங்கின் வாசலில் பெரிய பூவளையம் வைப்பது வழக்கம். ரசிகர்கள் இதில் ஒரு புதுமை செய்தார்கள். பூவோடு அரிசி மூட்டைகளையும் அனுப்பத் தொடங்கினார்கள்! மூட்டையில் தங்களுக்குப் பிடித்த பாடகரின் பெயரை எழுதினார்கள். கச்சேரி முடிந்ததும் அந்த அரிசி ஏழைகளுக்குப் போகும். பூ வாடிவிடும். அரிசி பசியை ஆற்றும்!

2020-ம் ஆண்டு ஜூன் மாதம். அமெரிக்காவில் கறுப்பர்களின் உரிமைக்காகப் பெரிய கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. கொரியாவின் 'பி.டி.எஸ்.' குழுவும் அதன் கம்பெனியும் அதற்கு 10 லட்சம் டாலர் கொடுத்தன. செய்தி வெளிவந்தது. ஏறத்தாழ ஒரே நாளில் ரசிகர்கள் தங்களுக்குள் வசூல் செய்து, இன்னொரு 10 லட்சம் டாலர் திரட்டிவிட்டார்கள்! பத்து டாலர், இருபது டாலர் என்று சேர்ந்த பணம்.

பைத்தியங்கள் செய்கிற காரியமா இது?

பட்டாளத்துக்குப் போனார்கள்

நான்காவது குற்றச்சாட்டு: 'நாட்டுக்கு என்ன பயன்?'

தென் கொரியாவில் உடல் தகுதியுள்ள ஒவ்வொரு ஆண்மகனும் ராணுவத்தில் சேர வேண்டும். சுமார் 18 மாதம் சேவை. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு. குறிப்பிட்ட சர்வதேசப் போட்டிகளில் பரிசு பெற்ற பியானோ, வயலின் வித்வான்களுக்கும் உண்டு. அவர்கள் சில வாரப் பயிற்சியோடு திரும்பிவிடலாம். கே-பாப் பாடகர்களுக்கு அது கிடையாது!

பி.டி.எஸ். குழு 2018 மே மாதத்திலேயே அமெரிக்க இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரியர் எவரும் அதற்கு முன் பிடிக்காத இடம். 'இவர்களுக்கும் விலக்குக் கொடுங்கள்' என்று ஒரு சாரார் கேட்டார்கள். 'பாட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சட்டமா?' என்று மறு சாரார் கேட்டார்கள். பார்லிமெண்டு வரை விவாதம் போயிற்று.

கடைசியில் குழுவே முடிவு கட்டியது. மூத்தவரான ஜின், 2022 டிசம்பரில் தலையை மொட்டை அடித்துக்கொண்டு முகாமுக்குள் போனார். ஒவ்வொருவராக மற்றவர்களும் போனார்கள். ஆறு பேர் ராணுவத்தில் சேர்ந்தார்கள். ஒருவர் பொதுப்பணியில் சேர்ந்தார். 2025 ஜூன் மாதத்துக்குள் ஏழு பேரும் கடமையை முடித்தார்கள்.

கண்ணில் மை பூசியவர்கள்தான், கையில் துப்பாக்கியும் பிடித்தார்கள்!

நாக்கில் இருக்கும் நஞ்சு

கேலி செய்வது சிலருக்குப் பொழுதுபோக்கு. 2021 பிப்ரவரியில் ஜெர்மனி நாட்டு வானொலி அறிவிப்பாளர் ஒருவர், பி.டி.எஸ். குழுவைக் கொரோனா கிருமிக்கு ஒப்பிட்டார். இதற்கும் சீக்கிரம் தடுப்பூசி வரட்டும் என்றார். கண்டனம் குவிந்தது. வானொலி நிலையம் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் எல்லாப் பேச்சும் மன்னிப்போடு முடிவதில்லை.

சுல்லி என்று ஒரு பெண். சிறு வயதிலேயே நடிக்க வந்தவர். 2009-ல் ஒரு பாட்டுக் குழுவில் அறிமுகமானார். அவர் எது உடுத்தினாலும் ஏச்சு. எது பேசினாலும் ஏச்சு. பெயர் போடாமல் இணையத்தில் எழுதினார்கள்.

2019-ல் டெலிவிஷனில் ஒரு புது நிகழ்ச்சி தொடங்கியது. பிரபலங்கள் தங்களைப் பற்றி வந்த வசைகளைத் தாங்களே படித்துப் பதில் சொல்லும் நிகழ்ச்சி. அதை நடத்தியவர்களில் சுல்லியும் ஒருவர். தன்மேல் விழுந்த வசையைத் தானே உரக்கப் படித்தார்!

அந்த ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி சுல்லி இறந்து கிடந்தார். வயது 25. அடுத்த மாதமே அவருடைய தோழி கூ ஹாராவும் இறந்தார். அவரும் பாடகி. வயது 28.

ஒரு சாவுக்குக் காரணம் இன்னதுதான் என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் கொரியா திடுக்கிட்டது. அந்நாட்டின் பெரிய இணையத் தளங்களில் ஒன்று, அதே அக்டோபர் முடிவில் சினிமா, பாட்டுச் செய்திகளின் கீழே யாரும் கருத்து எழுத முடியாதபடி கதவை மூடியது. மற்றொன்று 2020 மார்ச்சில் மூடியது.

'பொம்மைதானே, அதற்கு வலிக்குமா?' என்று நினைத்து எழுதினார்கள். வலித்தது.

கழிக்கப்பட்ட பெண்

2025 ஜூன் மாதம் ஒரு கார்ட்டூன் படம் வெளிவந்தது. கே-பாப் பாடும் மூன்று பெண்கள் பேய்களை விரட்டும் கதை. குழந்தைகள் பார்த்தார்கள். கூடவே அப்பாவும் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் வரும் 'கோல்டன்' என்ற பாட்டு, ஆகஸ்டு மாதம் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அந்தப் பாட்டை எழுதியவர்களில் ஒருவர், பாடியவர்களில் ஒருவர் 'ஈஜே' என்ற பெண். அவர் யார்?

சிறுமியாக இருந்தபோதே ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பத்து ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி பெற்றார். கம்பெனி அவரைக் கடைசி வரை மேடை ஏற்றவே இல்லை!

'வேண்டாம்' என்று கழிக்கப்பட்ட பெண்ணின் குரலைத்தான் உலகம் கேட்டது. அந்தப் பயிற்சிக் கூடங்களில் இன்னும் எத்தனை குரல்கள் கேட்காமலே போயினவோ!

கேட்க வேண்டிய கேள்வி

ரசிகர்களுக்குப் பாசம் அதிகம். அதனால் சில குறைகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. வெளியே நிற்பவருக்கு அந்தத் தடை இல்லை. அவர் பார்வை தேவைதான். ஆனால் அவர் கேள்வி சரியாக இருக்க வேண்டும்.

'இவன் ஆணா, பெண்ணா?' என்று கேட்டால் சண்டைதான் வரும்.

'இந்தப் பிள்ளையை எந்த வயதில் சேர்த்தார்கள்? படிக்க விட்டார்களா? வயிறாரச் சாப்பிட்டானா? உழைத்த கூலி அவன் கைக்கு வந்ததா?'

வீட்டில் மூத்தவர்கள் இப்படிக் கேட்டுப் பார்க்கட்டும். கோபித்துக்கொண்டு உள்ளே போன மகள் திரும்பி வருவாள். பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு பேரின் கதையையும் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவாள்!