ஒசூர்த் தொழிலகங்களை முன்வைத்து மேலாண்மைத் தகவல் முறைமையும் மொழியும்

முன்னுரை

நிறுவனத்தில் அன்றாடம் பதிவாகும் தரவுகளைத் திரட்டித் தொகுத்து, முடிவெடுப்போருக்குப் பயன்படும் தகவலாக அளிக்கும் அமைப்பே மேலாண்மைத் தகவல் முறைமை. கர்நாடக எல்லையை ஒட்டிய ஒசூரை முன்வைத்து, அம்முறைமையில் மொழி பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

தரவும் தகவலும்

‘இன்று 12 உதிரிபாகங்கள் தரச்சோதனையில் ஒதுக்கப்பட்டன’ என்பது தரவு. ‘அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இயந்திரத்தில், ஷிப்டு மாறும் வேளையில் உருவானவை’ என்பது தகவல். முன்னது எண்ணிக்கை, பின்னது நடவடிக்கைக்கு வழிகாட்டுவது. ஒசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002ஆம் ஆண்டு டெமிங் விருது பெற்றது. அவ்விருது போற்றும் முழுமைத் தர மேலாண்மை, ஊகத்தை விடுத்துப் பணிக்களத்தில் திரட்டிய உண்மைகளைக் கொண்டு முடிவெடுக்க வலியுறுத்துகிறது.

பணிக்களமும் மொழியும்

ஒசூர்ப் பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் வழங்குகின்றன. இயந்திரத்தின் ஓசை மாறுவதை முதலில் உணர்பவர் அதனருகே நிற்கும் தொழிலாளர். அதனைத் தம் மொழியில் நுட்பமாகச் சொல்லவும் வல்லவர். பதிவுத்திரை ஆங்கிலக் குறியீடுகளை மட்டுமே ஏற்குமாயின், அக்கூற்று ‘பிற காரணம்’ என்பதனுள் அடங்கிவிடும். மேலாளர் காணும் அறிக்கை கணக்கில் பிழையற்றதாயினும் பழுதின் காரணத்தைக் காட்டாது.

முடிவுரை

தமிழ் எழுத்துகள் 1991 முதலே ஒருங்குறியில் இடம்பெற்றுள்ளன. எனவே, தமிழில் பதிவதற்கு எழுத்துரு தடையன்று. ஒரே குறியீட்டுக்கு மும்மொழிப் பெயர்களும் அமைந்தால் தொகுப்பும் சிதையாது. அதற்குத் தேவை பணிக்களச் சொற்களின் திரட்டு. கலைச்சொல்லாக்கத்தை அகராதியிலிருந்தன்றித் தொழிலாளர் வழக்கிலிருந்து தொடங்குவது தமிழாய்வாளர் ஆற்றவேண்டிய பணியாகும்.