ஓட்டம், சைக்கிள், மறுபடியும் ஓட்டம்!

முதலில் ஓட வேண்டும். ஓடி முடித்த கையோடு சைக்கிளில் ஏறி மிதிக்க வேண்டும். இறங்கியதும் மறுபடியும் ஓட வேண்டும்! நடுவில் இளைப்பாற நேரம் கிடையாது. இதுதான் 'டூயத்லான்' பந்தயம்.

உள்ளூர்ப் பந்தயங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் விளையாட்டைப் பிழைப்பாகக் கொண்டவர்கள் அல்ல. மறுநாள் காலையில் ஆபீசுக்கோ, ஆலைக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ போக வேண்டியவர்கள். போன தடவையைவிட ஒரு நிமிஷமாவது குறையாதா என்பதே அவர்களுடைய ஆசை!

பெயர் மாறிய கதை

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் பந்தயம் 1974-ல் அமெரிக்காவின் சாண்டியாகோ நகரில் நடந்தது. அதன் தம்பி என்று டூயத்லானைச் சொல்லலாம். நீந்தத் தெரியாதவர்களுக்கும், நீந்த இடமில்லாத ஊர்களுக்கும் இது வசதியாயிற்று.

1980-களில் இதற்கு 'பயத்லான்' என்றே பெயர். ஆனால், பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த ஒலிம்பிக் போட்டிக்கு அந்தப் பெயர் முன்பே சொந்தம். ஒரே பெயரில் இரண்டு பந்தயங்கள் இருந்தால் குழப்பந்தானே? ஆகவே, இது டூயத்லான் ஆயிற்று.

எத்தனை தூரம்?

10 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்பது வழக்கமான அளவு. புதிதாக வருகிறவர்களுக்கு இதில் பாதி போதும்.

ஸ்விட்ஸர்லாந்தில் ஸோஃபிங்கன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1989-ல் தொடங்கிய பந்தயம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. அங்கே நெடுநாள் வழங்கிய கணக்கைக் கேளுங்கள்: 10 கிலோமீட்டர் ஓட்டம், மலைப் பாதையில் 150 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 30 கிலோமீட்டர் ஓட்டம்!

கடிகாரம் நிற்காது

சைக்கிள்களை வரிசையாக நிறுத்தியிருக்கும் இடத்தில்தான் பல பேர் கோட்டை விடுகிறார்கள். ஜோடு மாற்றும் நேரமும் பந்தயக் கணக்கில் சேரும். அதற்காகவே சிலர் முடிச்சுப் போட வேண்டாத ரப்பர் நாடாவை ஜோட்டில் கோத்து வருகிறார்கள்.

அவசரத்திலும் சட்டத்தை மறக்கக் கூடாது. தலைக்கவசத்தின் வாரை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம். திரும்பி வந்து சைக்கிளை அதன் இடத்தில் நிறுத்திய பிறகே வாரை அவிழ்க்கலாம். குறித்த கோட்டைத் தாண்டும் வரையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும். மீறினால் தண்டனை உண்டு.

கால் கெஞ்சும் நேரம்

உண்மையான சோதனை இரண்டாவது ஓட்டத்தில்தான். சைக்கிளில் குனிந்து உட்கார்ந்து மிதிக்கும்போது உடம்பின் பாரத்தை ஆசனம் தாங்குகிறது. இறங்கி ஓடும்போதோ, ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியையும் களைத்துப்போன தொடைகளே தாங்க வேண்டும். முதல் சில நிமிஷங்களுக்குக் கால்கள் தம்முடையவைதானா என்றே சந்தேகம் வந்துவிடும்!

இதற்கு மருந்து பழக்கம்தான். சைக்கிள் மிதித்த உடனே சிறிது தூரம் ஓடிப் பழகுகிறார்கள். இந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்தில் 'செங்கல்' என்று பெயர். காலின் கனத்துக்குப் பொருத்தமான பெயர்தான்!

தண்ணீர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஓடிக்கொண்டே குடிப்பது சிரமம். ஆகவே, சைக்கிளில் இருக்கும்போதே சிறிது சிறிதாகக் குடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெற்றி யாருக்கு?

கொடி அசைந்ததும் கூட்டத்தோடு பறக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குகிறவனே கெட்டிக்காரன். முதல் ஓட்டத்தில் மிச்சம் பிடிக்கும் சில விநாடிகளுக்குக் கடைசி ஓட்டத்தில் சில நிமிஷங்களை வட்டியாகக் கட்ட நேரிடும். ஆரம்பத்தில் முந்திச் சென்றவர்கள் முடிவில் நடந்து வருவதும், பின்தங்கியவர்கள் அவர்களைத் தாண்டி ஓடுவதும் இந்தப் பந்தயத்தில் சகஜம்.

பொதுவாக 5 வயதுக்கு ஒரு பிரிவாகத் தரம் பிரிக்கிறார்கள். 60 வயதுக்காரர் 25 வயது வாலிபனோடு மோத வேண்டியதில்லை. பரிசு ஒரு சிலருக்கே கிடைக்கும். ஆனால், கெஞ்சும் கால்களை எல்லைக்கோடு வரை இழுத்து வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வீடு திரும்புவதில்லை!