பாட்டும் செவிக்கு எட்டுக

ஆலயத்தில் பாடகர் குழு பாடத் தொடங்கியதும், செவிக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் இட்டுக்கொள்ளும் முதியோரை நாம் கண்டிருக்கிறோம். மறையுரை தெளிவாய்க் கேட்டது. பாட்டு மட்டும் ஏன் கரகரக்கிறது என்று அவர்கள் வருந்துகின்றனர்.

செவிக்கருவி முதன்மையாகப் பேச்சுக்கென அமைந்தது. உரத்த பேச்சும் ஏறத்தாழ 85 டெசிபலுக்குள் அடங்கும். இசையின் உச்சமோ 100ஐயும் தாண்டக்கூடும். அப்போது ஒலி சிதைகிறது. மேலும், கருவியில் எழும் கீச்சொலியை அடக்க அதனுள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. ஆர்மோனியத்தின் நீண்ட சுரத்தை அது கீச்சொலி என்றே கொண்டு அடக்க முயலும், சுரம் நடுங்கும்.

இதற்கு வழி உண்டு. இன்றைய கருவிகள் பலவற்றில் இசைக்கெனத் தனி அமைப்பைச் செவியியல் வல்லுநர் ஏற்படுத்தித் தர இயலும். அதில் இத்தகைய அடக்கிகள் தளர்த்தப்படும். விருப்பமான பாடலொன்றை உடன் கொண்டுசென்று, அங்கேயே கேட்டுச் சரிசெய்துகொள்வது நன்று. ஆலயத்தில் ஒலிபெருக்கிக்குச் சற்று விலகி அமர்வதும் உதவும். இழந்த செவிப்புலன் முழுவதையும் கருவி மீட்டுத் தராது. எனினும் பாட்டு பாட்டாகக் கேட்கும்.

திருவழிபாட்டில் இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்க வேண்டுமென இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் பணித்தது. கருவி வாங்கித் தந்ததோடு பிள்ளைகளின் கடமை முடிவதில்லை. "பாட்டு கேட்கிறதா, அப்பா?" என வினவுவோம், இல்லையெனில், வல்லுநரிடம் நாமே அழைத்துச் செல்வோம். பாடிப் பழகிய நாவு நம் அருகிலேயே ஊமையாகிவிட வேண்டாம்.