அவனா, அவளா? ஆங்கிலம் 160 ஆண்டு தேடிய சொல்!

மாமல்லபுரம் கடற்கரை அருகே ஐந்து கற்கோயில்கள் இருக்கின்றன. பஞ்சபாண்டவர் ரதங்கள் என்று மக்கள் அவற்றை அழைக்கிறார்கள். ஐந்தில் உயரமானது தருமராஜ ரதம்.

அந்த ரதத்தின் சுவரில் ஓர் அற்புதச் சிற்பம் உண்டு. உடல் ஒன்றுதான். அதில் ஒரு பாதி சிவன். மறு பாதி உமை. அவர்தான் அர்த்தநாரீசுவரர்! பல்லவர் காலம் முதல், 1,300 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நிற்கிறார்.

"நிற்கிறார்" என்று தமிழில் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில்?

ஒரு வெளிநாட்டுப் பயணிக்கு இந்தச் சிற்பத்தை நீங்கள் ஆங்கிலத்தில் விளக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'ஹீ' என்றால் ஆண். உமை விட்டுப்போவார். 'ஷீ' என்றால் பெண். சிவன் விட்டுப்போவார். 'இட்' என்றால் 'அது' என்று பொருள். மேசை, நாற்காலிக்குச் சொல்லும் சொல்லைச் சாமிக்குச் சொல்லலாமா?

இந்தச் சங்கடம் சிற்பத்துக்கு மட்டும் வந்தது அல்ல. மனிதர்களுக்கும் வந்தது. கோர்ட்டு வரைக்கும் போனது!

அபராதம் மட்டும் பெண்ணுக்கா?

ஆண் என்றோ பெண் என்றோ தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது 'ஹீ' என்றே எழுத வேண்டும் என்று பழைய ஆங்கில இலக்கண நூல்கள் கூறின. பெண்ணும் அதில் அடக்கமாம்! 1850-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இதைச் சட்டமாகவே செய்துவிட்டது. சட்டங்களில் ஆணைக் குறிக்கும் சொல், பெண்ணையும் குறிக்கும் என்றது அது.

ஆனால் நடந்தது என்ன?

அமெரிக்காவில் சூசன் அந்தோணி என்ற பெண்மணி இருந்தார். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர். 1872-ம் ஆண்டில் துணிந்து போய் ஓட்டுப் போட்டார். அதற்காகக் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அதை அவர் கடைசி வரை கட்டவே இல்லை.

"சட்டத்தில் 'ஹீ' என்றுதானே இருக்கிறது? ஆகவே ஓட்டு ஆண்களுக்குத்தான்" என்று சிலர் வாதாடினார்கள். சூசன் மடக்கினார். அப்படியானால் வரி விதிக்கும் சட்டத்திலும், தண்டனை கொடுக்கும் சட்டத்திலும் 'ஹீ' என்றுதான் இருக்கிறது. பெண்கள் வரி கட்ட வேண்டாமா? பெண்களுக்குத் தண்டனையும் கிடையாதா? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

இந்தியாவிலும் வழக்கு

நம் நாட்டிலும் இதே கதை நடந்தது. ஆணைக் குறிக்கும் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1897-ம் ஆண்டுச் சட்டம் இங்கேயும் சொல்லியது. அந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது.

ரெஜினா குகா என்ற பெண், வக்கீல் படிப்பில் தேறினார். தொழில் நடத்த அனுமதி கேட்டார். 1916-ம் ஆண்டில் கல்கத்தா ஐகோர்ட்டில் ஐந்து நீதிபதிகள் விசாரித்தார்கள். "முடியாது" என்று தீர்ப்புக் கூறினார்கள்! வக்கீல் சட்டத்தை எழுதியவர்கள் பெண்களை நினைத்து எழுதவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

1921-ம் ஆண்டில் பாட்னா ஐகோர்ட்டில் சுதான்சுபாலா ஹஸ்ரா என்ற பெண்ணுக்கும் இதே கதி. 1923-ம் ஆண்டில் வந்த தனிச் சட்டம் பெண்களுக்கு வழி திறந்தது.

'ஹீ' என்ற சொல்லில் பெண்ணும் அடக்கம் என்பது ஏட்டோடு நின்றுவிட்டது.

புதுச் சொல் செய்தவர்கள்

ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு புதுச் சொல்லையே உண்டாக்கினால் என்ன? பலர் முயன்றார்கள்.

சார்லஸ் கான்வெர்ஸ் என்பவர் அமெரிக்க வக்கீல். கிறிஸ்தவப் பாடல்களுக்கு இசை அமைத்தவரும் கூட. 1858-ம் ஆண்டில் அவர் 'தொன்' என்று ஒரு சொல் செய்தார். 'அந்த ஒருவர்' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அதைச் செய்தார். 1884-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். 1934-ம் ஆண்டில் அது பெரிய அகராதி ஒன்றிலேயே இடம்பிடித்தது! ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. 1961-ம் ஆண்டுப் பதிப்பில் அகராதிக்காரர்கள் அதை எடுத்துவிட்டார்கள்.

சிகாகோ நகரப் பள்ளிக்கூடங்களுக்குத் தலைமை அதிகாரியாக இருந்தவர் எல்லா பிளாக் யங் அம்மையார். 1912-ம் ஆண்டில் அவர் 'ஹீயர்', 'ஹிஸர்', 'ஹிமர்' என்று மூன்று சொற்களைச் சொன்னார். அவையும் நிலைக்கவில்லை.

அமெரிக்காவில் ஒரு பத்திரிகை 'ஹிர்' என்ற சொல்லைப் பல ஆண்டுகள் அச்சிட்டுப் பார்த்தது. அதுவும் ஊரில் பரவவில்லை.

ஆனால் சுவீடன் நாட்டில் புதுச் சொல் வென்றது. அங்கே ஆண், பெண் இருவருக்கும் பொதுவான 'ஹென்' என்ற சொல், 2015-ம் ஆண்டில் அந்நாட்டு அகாடமியின் சொற்பட்டியலில் ஏறியது.

வீட்டிலேயே இருந்த சொல்

கடைசியில் ஆங்கிலேயர் தேடிய சொல் எங்கே கிடைத்தது தெரியுமா? அவர்கள் வீட்டிலேயே!

'தே' என்றால் 'அவர்கள்'. பலரைக் குறிக்கும் சொல். ஆனால் சாதாரண மக்கள் ஒருவரைக் குறிக்கவும் அதை 600 ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படுத்தி வந்தார்கள். இலக்கணக்காரர்கள்தான் தடுத்தார்கள். இன்று, தம்மை ஆண் என்றோ பெண் என்றோ கருதாத பலரும் தம்மை 'தே' என்றே குறிப்பிடும்படி கேட்கிறார்கள். 'தொன்' என்பதை நீக்கிய அதே அகராதி நிறுவனம், 2019-ம் ஆண்டின் சிறந்த சொல்லாக 'தே' என்பதைத் தேர்ந்தெடுத்தது!

பன்மைச் சொல்லை ஒருவருக்குச் சொல்வதா என்று நீங்கள் வியக்க வேண்டாம். தமிழர்கள் தினமும் செய்வது அதுதான். 'அவர்' என்பது இலக்கணப்படி பலர்பாலுக்கு உரிய சொல். மரியாதைக்காக அதை ஒருவருக்குச் சொல்கிறோம். "ஆசிரியர் வந்தார்" என்றால் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். பேச்சில் 'அவங்க' என்கிறோம். அதுவும் பன்மைதான்.

ஆணும் பெண்ணுமாக வகுக்க முடியாதவர்களைப் பற்றித் தொல்காப்பியரே யோசித்திருக்கிறார். அவர்களுக்கென்று தனி விகுதி இல்லை. மக்களுக்கு உரிய உயர்திணை விகுதியையே அவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

யாருக்கு 'அவர்'?

சொல் இருக்கிறது. அதை எல்லோருக்கும் கொடுக்கிறோமா?

டாக்டர் 'வந்தார்'. அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண் 'வந்தாள்'. கலெக்டர் 'சொன்னார்'. தெருக் கூட்டுபவன் 'சொன்னான்'. ஆங்கிலத்தில் ராஜாவும் 'ஹீ', திருடனும் 'ஹீ'. நமக்கோ பணத்தையும் பதவியையும் பார்த்து வாய் மாறுகிறது. திருநங்கையைக் கண்டால் 'அது' என்று சொல்கிறவர்களும் உண்டு.

சட்டம் மாறிவிட்டது. திருநங்கைகளுக்காகத் தமிழ்நாட்டில் 2008-ம் ஆண்டிலேயே நலவாரியம் அமைந்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மூன்றாம் பாலினத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ம் ஆண்டில் அரசிதழில் வெளியிட்டது. சென்னை ஐகோர்ட்டில் நடந்த ஒரு வழக்கின் பலன் அது.

பட்டியலை அரசு வெளியிடலாம். பேச வேண்டியது நம் வாய்தான்.

மாமல்லபுரத்தில் ஆணும் பெண்ணுமாக நிற்கும் கற்சிலையை 'அவர்' என்று சொல்ல யாரும் தயங்குவது இல்லை. கும்பிடவும் செய்கிறோம். அந்தச் சிலையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பஸ்ஸில், பக்கத்து இடத்தில் ஒரு திருநங்கை உட்காரலாம். கல்லுக்குக் கொடுத்த அந்த ஒரு சொல்லை அவருக்கும் கொடுக்கலாமே! அதற்குக் காசு செலவு இல்லை.