நிலுவை வாடகையும் தவணை ஏற்பாடும்

‘நில்’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல் நிலுவை. கொடுக்கப்படாமல் நின்றுவிட்ட தொகை என்பது அதன் பொருள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் எவ்வளவு நின்றது என்பதில் ஒத்துப்போனாலும், எந்த மாதத்து வாடகை நின்றது என்பதில் பிணங்கிக்கொள்வதுண்டு.

மாத வாடகை 800 வெள்ளி என்று கொள்வோம். வேலையிழந்த ஒருவர் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வாடகை கொடுக்கவில்லை; நிலுவை 3,200 வெள்ளி. மே மாதத்தில் வேலை கிடைத்ததும், இனி மாதம் 1,000 வெள்ளி தருவதென்று இருவரும் வாய்மொழியாகப் பேசி முடிக்கின்றனர். நடப்பு வாடகைக்கு 800, பழைய நிலுவைக்கு 200 என்பது குடியிருப்பவரின் எண்ணம். ஆகஸ்டு முடிய 4,000 வெள்ளி கொடுத்தாயிற்று. அவர் கணக்கில் ஜனவரி தீர்ந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் நிற்கின்றன. வீட்டுக்காரரோ வந்த பணத்தைப் பழைய மாதத்திலிருந்து வரிசையாகக் கழிக்கிறார். அவர் கணக்கில் மே வரை தீர்ந்தது. ஜூன், ஜூலை, ஆகஸ்டு நிற்கின்றன. இரண்டு கணக்கிலும் நிலுவை 2,400 வெள்ளியே. ஆயினும் ஓர் ஏட்டில் அவர் சொன்ன சொல் தவறாதவர். மற்றோர் ஏட்டில் மூன்று மாதமாக வாடகையே கொடாதவர்!

இதற்கு மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் விடை உண்டு. பணம் கொடுப்பவர் இன்ன கடனுக்கென்று குறிப்பிட்டுக் கொடுத்தால், அதை ஏற்றுக்கொள்பவர் அக்கடனுக்கே வரவு வைத்தல் வேண்டும். அவர் குறிப்பிடாமலும், சூழ்நிலையால் அது விளங்காமலும் இருப்பின், எக்கடனில் வரவு வைப்பது என்பது வாங்குபவரின் விருப்பம். இருவருமே குறிக்காவிடில் பழைய கடன் முதலில் கழியும். ஆகவே, வாய் திறவாமல் பணத்தை நீட்டுபவர் தம் உரிமையைத் தாமே கைவிடுகிறார். வங்கி வழியே பணம் அனுப்பும் இக்காலத்தில், குறிப்பு எழுதுவதற்கென்றே இடம் இருந்தும் அதை வெறுமையாக விடுவோர் உளர்.

வீட்டுக்காரர் பழைய மாதங்களை முதலில் கழிக்க விரும்புவதற்கும் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் 1951-ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நீதிமன்ற ஆணை பெற்று, வாடகைக்காகப் பொருள்களை ஜப்தி செய்விக்கலாம். ஆனால் விண்ணப்பத்துக்கு முந்திய 12 மாத வாடகைக்கு மேல் அவ்வழியில் கோர இயலாது. பழைய மாதங்கள் நிற்க நிற்க, இந்த எல்லைக்கு வெளியே நழுவிவிடும். (நீதிமன்றத்தை நாடாமல் கதவுக்குப் புதுப்பூட்டுப் போடுவது சட்டத்துக்கு ஒவ்வாதது.)

சில வீட்டுக்காரர்கள் இரக்கத்தால், “பாதியைக் கொடுங்கள், போதும்” என்பர். பின்னர் மனம் மாறினால் மீதியைக் கேட்கலாமா? ஆங்கில நாட்டுப் பொதுச் சட்டத்தில், புதிய கைம்மாறு ஏதுமின்றிக் கடனில் ஒரு பகுதியை மட்டும் பெற்றவர் மீதியைக் கேட்கலாம் என்று பிரபுக்கள் சபை 1884-இல் தீர்ப்பளித்தது. மலேசியச் சட்டம் அவ்வாறன்று. பெற வேண்டியவர் முழுமையாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம், தவணையும் நீட்டலாம், அதற்குக் கைம்மாறு வேண்டியதில்லை. வாடகை பற்றியதன்றெனினும், 1966-இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதற்குச் சான்று. சுமார் 8,870 வெள்ளிக் கடனுக்கு, கடனாளியின் மகன் 4,000 வெள்ளிக் காசோலை அனுப்பி, முழுக் கடனும் தீர்ந்ததாக ஏற்பதானால் வைத்துக்கொள்க, இல்லையேல் திருப்பி அனுப்புக என்று எழுதினார். கடன் கொடுத்தவர் தரப்பு காசோலையை மாற்றிக்கொண்டு மீதிக்கும் முயன்றது. நீதிமன்றம் அதற்கு இடந்தரவில்லை. எனவே விட்டுக்கொடுப்பதா, தவணை மட்டும் நீட்டுவதா என்பதை வீட்டுக்காரர் முன்னரே தெளிந்து எழுதுதல் வேண்டும்.

ஏற்பாட்டுத் தாளில் மொத்த நிலுவை, அது எந்தெந்த மாதத்தது, மாதத் தவணை, ஒரு தவணை தவறினால் என்ன என்னும் இவை இருந்து, இருவரும் கையொப்பமிட்டால் போதும். மேலே கண்ட கணக்கில் முதல் பற்றுச்சீட்டு இவ்வாறு அமையும்: “மே மாத வாடகை 800 வெள்ளி, ஜனவரி நிலுவையில் 200 வெள்ளி, ஆக 1,000 வெள்ளி பெற்றுக்கொண்டேன். இன்னும் நிற்கும் நிலுவை 3,000 வெள்ளி.”